விலையும் தரமும்: மூத்தோன் றொத்சில்ட் வைன் பண்ணை பற்றிய ஒரு நோக்கு

பண்டமொன்றின் தரம் அதன் விலையை நிர்ணயிக்கின்றதா, அன்றி விலையே தரமெனக் கொள்ளப்படுகின்றதா என்னும் வினாவை ஆராய்வோர்க்குப் பிரான்சின் போர்தோப் பிரதேசத்து வைன் வரலாறு பயனுடையதாகும். 1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியை முன்னிட்டு அப்பிரதேசத்துச் செந்நிற வைன்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. பிரித்தோர் வணிகத் தரகர். அவர்கள் கைக்கொண்ட அளவுகோல், ஒவ்வொரு தோட்டத்து வைனும் நெடுங்காலமாகச் சந்தையில் பெற்றுவந்த விலை. கண்காட்சி முடிந்தது, பட்டியல் நிலைத்தது. அதன்பின் வகுப்பே விலையைத் தரலாயிற்று.

முதல் வகுப்பில் லாஃபீற், லத்தூர், மார்கோ, ஓ-பிறியோன் என்னும் நான்கு மட்டுமே இடம்பெற்றன. பொய்யாக் என்னும் ஊரிலுள்ள மூத்தோன் தோட்டத்தை 1853 இல் வங்கியாளர் குடும்பத்தவரான நத்தானியேல் றொத்சில்ட் வாங்கியிருந்தார். அதற்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பே.

அவருடைய கொள்ளுப்பேரன் பிலிப் றொத்சில்ட் 1922 இல், தம் இருபதாவது வயதில், பண்ணையைப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் தோட்டக்காரர் வைனைப் பீப்பாய்களில் விற்றுவிடுவர். அதனை முதிரவைத்துப் போத்தலில் அடைப்போர் நகரத்து வணிகரே. கலப்படத்துக்கும் பெருலாபத்துக்கும் இடமளித்த ஏற்பாடு இது. 1924 ஆம் ஆண்டு விளைச்சல் முதல் பிலிப் முழுவதையும் பண்ணையிலேயே அடைப்பித்தார். இதனை வெறும் தொழினுட்ப மாற்றமெனக் கொள்ளுதல் தவறு. பெயரும் இலாபமும் வணிகன் கையிலிருந்து நிலவுடைமையாளன் கைக்கு மாறின. தோட்டத் தொழிலாளியின் பெயர் அன்றும் போத்தலில் ஏறவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

யூத வம்சத்தவர் என்பதனால் போர்க்காலத்தில் விஷி அரசாங்கம் அவரது சொத்தைப் பறித்தது. அவர் தப்பிச் சென்று டி கோலின் படையிற் சேர்ந்தார். மனைவி எலிசபெத் 1945 இல் றாவென்ஸ்புறூக் வதைமுகாமில் மாண்டார். அவ்வாண்டு விளைச்சலின் லேபல் வெற்றிக் குறியைத் தாங்கி வெளிவந்தது. அவ்வெற்றிக்கு அக்குடும்பம் கொடுத்த விலையை அது சொல்லவில்லை. அந்த 1945 வைனின் பெரும்போத்தலொன்று 2007 இல் நியூயோர்க் ஏலத்தில் மூன்று லட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.

அன்றுதொட்டு ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படைப்பு லேபலை அணிசெய்தல் மரபாயிற்று. பிறாக், டாலி, ஹென்றி மூர், மிரோ, ஷகால் ஆகியோர் இவ்வரிசையினர். அவர்கள் பெற்ற ஊதியம் பணமன்று, வைனே.

பிலிப் பல பத்தாண்டுகள் விடாது முயன்றதன் பயனாக, 1973 இல், விவசாய அமைச்சராயிருந்த ஜாக் ஷிராக்கின் ஒப்பத்துடன் மூத்தோன் முதல் வகுப்புக்கு உயர்ந்தது. 1855 இன் வரிசையில் ஒரு தோட்டம் இவ்வாறு வகுப்பு உயர்ந்தமை அந்த ஒருமுறையே. 1988 இல் பிலிப் காலமானதும் மகள் பிலிப்பீனும், 2014 இல் அவர் மறைந்ததும் அவர்தம் மக்கள் மூவரும் பண்ணைக்கு உரியோராயினர்.

உயர்வு கிடைத்த அந்த 1973 ஆம் ஆண்டின் விளைச்சலோ போர்தோவில் மிகச் சாதாரணமானது. ஆயினும் அவ்வாண்டு மறைந்த பிக்காசோவின் ஓவியம் அதன் லேபலில் உள்ளது. 1945 முதலான வரிசையை முழுமையாகத் திரட்ட விழையும் சேகரிப்போர் அப்போத்தலை இன்றும் தேடி வாங்குகின்றனர். அதைத் திறந்து குடிப்பதற்காக வாங்குவோர் மிகச் சிலரே.