லிட்டரா, கிலோவா... பார்த்துச் சொல்லுங்க ஸார்!

சமையல் கேஸ் வாங்கினால் 14.2 கிலோ. பெட்ரோல் போட்டால் லிட்டர். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? ('பஸ்ஸைப் பிடிக்கவே நேரமில்லை, இதை வேற யோசிக்கணுமாக்கும்!' என்கிறீர்களா? அதுவும் சரிதான்.)

பங்க் மீட்டருக்கு கன அளவை எண்ணத்தான் தெரியும். ஆனால் என்ஜினுக்கு வேண்டியது எடை. ஒரு கிலோ பெட்ரோலில் உள்ள சக்தி வெயிலானாலும் மழையானாலும் மாறாது. லிட்டர் அப்படியில்லை. சூடேறினால் பெட்ரோல் உப்பும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்.

இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பாலம்: அடர்த்தி. கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர். மணிக்கு இத்தனை கிலோ என்றாலும் அதே வகுத்தல்தான். உங்கள் பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, நீங்கள் 50 வேகத்தில் போகிறீர்கள் என்றால் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. எடையில் சொன்னால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் விஷயம். எட்டாம் கிளாஸ் கணக்கு.

இந்த எட்டாம் கிளாஸ் கணக்கில்தான் 1983 ஜூலை 23 அன்று 69 பேரின் உயிர் ஊசலாடியது.

ஏர் கனடாவின் போயிங் 767. அப்போது புத்தம்புது ரகம். மான்ட்ரியலில் கிளம்பி, ஒட்டாவாவில் இறங்கி, எட்மன்டன் போக வேண்டும். எரிபொருளைக் காட்டும் கருவி அன்றைக்குப் பார்த்து அவுட். 'பரவாயில்லை, குச்சி விட்டுப் பார்த்துக்கலாம்' என்று அளந்தார்கள். (நம்மூர் லாரி டிரைவர்கள் செய்வதேதான். கொஞ்சம் நாசூக்கான குச்சி.) டாங்கில் இருந்தது 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. இன்னும் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்?

லிட்டரைக் கிலோவாக்க 0.803-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். பெருக்கியது 1.77-ஆல்! அதுவும் சரியான எண்தான். ஆனால் பவுண்டுக்கு. கனடா அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் மற்ற விமானங்களெல்லாம் பவுண்டில் ஓட, இந்தப் புது 767 மட்டும் கிலோ. போதாததற்கு, பழைய விமானங்களில் இந்தக் கணக்கைப் போட ஃப்ளைட் என்ஜினீயர் என்று மூன்றாவதாக ஒரு ஆசாமி இருப்பார். 767-ல் அந்த நாற்காலியே கிடையாது. அந்தக் கணக்கு யார் தலையில் என்பதே தெளிவாக இல்லை.

விளைவு? 20,088 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊற்றினார்கள். தேவையில் பாதிகூட இல்லை. ஒட்டாவாவில் சந்தேகப்பட்டு மறுபடி குச்சி விட்டார்கள். சபாஷ்! ஆனால் மறுபடியும் அதே 1.77.

இதில் எனக்கு ரொம்ப உறுத்துகிற விஷயம் விமானத்துக் கம்ப்யூட்டர்தான். என்ஜின் மணிக்கு எத்தனை கிலோ குடிக்கிறது என்பதை அது கில்லாடியாகக் கழித்துக்கொண்டே வந்தது. ஆனால் 'கையிருப்பு 22,300 கிலோ' என்று முதலில் அதற்குச் சொன்னதே தப்பு. பாஸ்புக்கில் பொய்யான பாக்கியை எழுதிவிட்டு அப்புறம் பைசா சுத்தமாகச் செலவுக் கணக்கு எழுதினால் என்ன பிரயோஜனம்?

41,000 அடி உயரம். டிங் என்று ஒரு எச்சரிக்கை. பம்ப் கோளாறோ என்று நினைத்தார்கள். இன்னொரு டிங். வின்னிபெக்கில் இறக்கிவிடலாம் என்று திருப்பினார்கள். இடது என்ஜின் நின்றது. கொஞ்ச நேரத்தில் வலதும். திரைகள் இருண்டன. காற்றில் சுற்றும் ஒரு குட்டி விசிறி மட்டும் வெளியே வந்து, விமானத்தைத் திருப்ப வேண்டிய தெம்பைக் கொடுத்தது.

கேப்டன் பாப் பியர்சனுக்கு என்ஜினே இல்லாத கிளைடர் ஓட்டுகிற பழக்கம் உண்டு. துணை பைலட் மாரிஸ் குவின்டால் முன்பு விமானப் படையில் கிம்லி என்ற தளத்தில் இருந்தவர். 'வின்னிபெக் எட்டாது, கிம்லி எட்டும்' என்றார். அந்தத் தளத்தை மூடி, ஒரு பக்கத்தைக் கார் ரேஸுக்கு விட்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கே குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வேறு!

கிட்டே வந்தால் உயரம் அதிகம். சுற்றி வர என்ஜின் ஏது? பியர்சன் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டார். கிளைடரில் செய்கிற வித்தை. சத்தமே இல்லாமல் ஒரு ஜெட் வந்து இறங்க, முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்து, தீப்பொறி பறக்க நின்றது. அவசரமாகச் சறுக்கி இறங்கியதில் சிலருக்குச் சிராய்ப்பு, சுளுக்கு. உயிர்ச்சேதம் பூஜ்யம். ஒட்டுப்போட்டு சில நாளில் பறந்துபோன அந்த விமானம், 2008 வரை உழைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றது.

இதே கிலோ-லிட்டர் வம்பு கார் ரேஸிலும் உண்டு. ஃபார்முலா ஒன்னில் 2014 முதல் 2025 வரை, மணிக்கு 100 கிலோவுக்கு மேல் என்ஜினுக்குள் போகக் கூடாது என்று விதி. முக்காலால் வகுங்கள்: மணிக்கு 133 லிட்டர், நொடிக்கு 37 மில்லி, அதாவது இரண்டு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. இதை அளக்க குழாய்க்குள் ஒலி அலையை அனுப்புவார்கள். அது சொல்வது கன அளவுதான். வெப்பநிலையும் அடர்த்தியும் சேர்ந்தால்தான் கிலோ. 2014 ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாவதாக வந்த டேனியல் ரிக்கியார்டோவின் பரிசைப் பிடுங்கிவிட்டார்கள். 'அந்த சென்சார் சரியில்லை, நாங்களே கணக்குப் போட்டுக்கிட்டோம்' என்றது ரெட் புல் அணி. அப்பீலும் தள்ளுபடி.

'அப்படின்னா விடிகாலையில, சில்லுனு இருக்கறப்போ பெட்ரோல் போட்டா லாபமாமே?' என்று பக்கத்து சீட் நண்பர் கேட்பார். டாங்க் தரைக்கடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும். அதைவிட, பங்க்கில் அன்றைய அடர்த்தி எழுதியிருக்கும், பாருங்கள். 15 டிகிரிக்கு மாற்றிய கணக்கு அது. பெட்ரோல் என்றால் லிட்டருக்கு 720-லிருந்து 775 கிராமுக்குள் வர வேண்டும். சந்தேகம் வந்தால் ஹைட்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பின்னால் க்யூவில் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.