பெட்டிக்குள் லினக்ஸ் – 14: எந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது?

2003 டிசம்பரில் லினக்ஸ் கர்னல் 2.6 வெளிவந்தது. சர்வர்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. நீலமும் கறுப்புமாக வீட்டு மூலைகளில் உட்கார்ந்திருந்த லின்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டரால் மட்டும் மாற முடியவில்லை. அதன் வைஃபை சிப் பிராட்காம் தயாரிப்பு. அதை இயக்கும் டிரைவரை அந்த நிறுவனம் மூலநிரலாகத் தராமல், 2.4 கர்னலுக்கென்று தொகுத்த பைனரியாக மட்டுமே தந்திருந்தது. கர்னலை மாற்றினால் வைஃபை போய்விடும்.

அந்த ரவுட்டரை வைத்து 2004-ல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டம் இதனால் பல ஆண்டுகள் இரட்டைக் குடித்தனம் நடத்தியது. 2010-ல் வந்த ‘பேக்ஃபயர்’ வெளியீட்டில்கூடப் பிராட்காமுக்கென்று 2.4 கர்னல் தனிப்பிரிவாக இருந்தது. இத்தனைக்கும் மாற்று டிரைவர் 2008 ஜனவரியிலேயே வந்துவிட்டது. சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு குழு அலசி ஆவணமாக்க, அந்த ஆவணத்தை மட்டும் படித்து வேறொரு குழு எழுதிய பி43 டிரைவர் அது; 2.6.24 கர்னலில் சேர்ந்தது.

ஒரு டிரைவருக்காகக் கர்னலே ஏன் காத்துக்கிடக்க வேண்டும்? கர்னலின் மேல் ஓடும் நிரல்கள் உடையக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். உள்ளே இருக்கும் டிரைவர்களுக்கோ அந்த உத்தரவாதம் கிடையாது. உள் இடைமுகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறும். மூலநிரல் மரத்துக்குள் இருக்கும் டிரைவரை, இடைமுகத்தை மாற்றுபவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே நிற்கும் டிரைவரைக் கேட்க நாதியில்லை.

இன்றும் போர்டு வாங்கினால், சிப் நிறுவனம் தன் ஒட்டுவேலைகளைச் சேர்த்த ஒரு கர்னலைக் கூடவே தருகிறது. முதல் நாளே எல்லாம் ஓடும். ஆசைகாட்டும் வழிதான். ஆனால் அந்த நிறுவனம் அடுத்த சிப்புக்குப் போனதும், பெட்டியைச் செய்தவர் அதே எண்ணில் மாட்டிக்கொள்கிறார்.

கணக்கு எளிது. புதிய கர்னல் ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒன்று வருகிறது. பெரும்பாலும் ஆண்டின் கடைசி வெளியீடே நீண்டகாலப் பராமரிப்புக்குத் தேர்வாகும்: 2020-ல் 5.10, 2022-ல் 6.1, 2024-ல் 6.12. தயாரிப்பு சந்தைக்கு வர ஒன்றரை ஆண்டு ஆகும் என்றால், இன்றைய நீண்டகாலப் பதிப்பில் உறைந்துபோக வேண்டியதில்லை. புதிய கர்னல்களோடு நகர்ந்துகொண்டே இருந்து, வெளியீட்டுக்கு முன் வரும் நீண்டகாலப் பதிப்பில் இறங்கிக்கொள்ளலாம். சிப்புக்கான ஆதரவு பொது மரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். போர்டு வாங்கும் முன் விலைப்பட்டியலைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீண்டகாலம் என்பதும் ரப்பர் போல இழுபடும். 2016 ஜனவரியில் வந்த 4.4 ஆறு ஆண்டுகள் பராமரிக்கப்பட்டு, 302-ஆவது திருத்தத்தோடு நின்றது. நடுவில் ஒரு வேடிக்கை: திருத்த எண்ணுக்கு எட்டு பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 255-ஐத் தாண்டினால் என்னவாகும் என்ற கவலை 2021-ல் உண்மையாகவே வந்தது. 2023-ல், பராமரிப்பவர்களின் சுமை தாங்காமல், புதிய பதிப்புகளுக்கு இரண்டு ஆண்டுதான் என்று அறிவிப்பு வந்தது. தேவை இருந்தால் தேதி தள்ளிப்போவதும் உண்டு.

ரயில் சிக்னலுக்கும் மின்நிலையத்துக்கும் இரண்டு ஆண்டு எந்த மூலைக்கு? சீமென்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா முதலியவை சேர்ந்து 2016-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின்கீழ் தொடங்கிய சி.ஐ.பி. திட்டம், அதே 4.4-ஐ 2027 வரை தாங்கிப்பிடிக்க ஒப்புக்கொண்டது.

புதிய எண்ணுக்குத் தாவுவதும் சும்மா நடப்பதில்லை. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. 2021-ல் 4.14-இலிருந்து 5.4-க்கு மாறிய வெளியீட்டில், 4 எம்.பி. ஃபிளாஷும் 32 எம்.பி. மெமரியும் கொண்ட ரவுட்டர்கள் கழன்றுகொண்டன, கர்னல் பருத்துவிட்டது. சில கருவிகளில் ஈதர்நெட் ஸ்விட்சைக் கையாளும் முறையே மாறியதால், பழைய அமைப்புகளைக் கொண்டுபோக அப்டேட் கருவி மறுத்தது. அத்தனையையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

32 பிட் சிப்புக்கு இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. பழைய நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழியும். அதற்கான திருத்த வேலை 2020-ல் வந்த 5.6 கர்னலில்தான் பெரும்பாலும் முடிந்தது. இன்று சுவரில் பொருத்தும் 32 பிட் மீட்டர் பதினைந்து ஆண்டு ஓட வேண்டுமென்றால், சிப் நிறுவனம் 4.14-ஐ இலவசமாகத் தந்தாலும் அதை எடுக்கக் கூடாது. கர்னல் மட்டும் போதாது. சி நூலகமும் அதன் மேல் ஓடும் நிரல்களும் 64 பிட் நேரத்துக்கு மறுபடி தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகுப்பு வேலை அடுத்த வாரம்.

(தொடரும்)