பீடிங்கை அழுத்திப் பார்த்தவர்

காரைப் பார்க்க வந்த மெக்கானிக் பானெட் பக்கமே போகவில்லை. கதவைத் திறந்தார். கண்ணாடி வந்து உட்காரும் இடத்தில் ஓடுகிற கறுப்பு ரப்பர் பீடிங்கைக் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினார். விழுந்த பள்ளம் எழும்பி வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை.

“பன்னெண்டு வருஷத்துல முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு சொன்னீங்கல்ல சார்? பிரச்சினையே அதான்” என்றார்.

வேப்பம்பட்டில் எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் நண்பருக்குக் கல்லூரி நாளிலிருந்து ஒரு ஆசை. இரண்டே கதவு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, தாழ்ந்த மூக்கு. புதிதாக வாங்கினால் அரைக் கோடிக்கு மேல் ஆகும் ஐரோப்பிய கூப்பே ஒன்று, பன்னிரண்டு வயதில், ஒரு சாதாரண புதுக் கார் விலைக்கு வந்திருந்தது. நண்பர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவர். இயந்திரம் எப்படிக் கெடும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மீட்டரில் இருந்த குறைந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிட்டார். நானும்தான்.

கூப்பே என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ரயிலில் முதல் வகுப்பில் இரண்டு பேருக்கு மட்டுமான அறையைக் ‘கூப்பே’ என்று டி.டி.ஆர். சொல்லிக் கேட்டிருப்போம். இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். நாலு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் குதிரை வண்டியில் ஒரு பாதியை வெட்டிவிட்டு இருவருக்கு மட்டும் ஆக்கினால் அது கூப்பே. அந்தப் பெயர் பிறகு மோட்டார் காருக்கு வந்தது.

நம்மூர் மட்டும் இந்த வெட்டை ஒருபோதும் முழுசாக ஏற்றுக்கொண்டதில்லை. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த கார். அங்கே அது கூப்பே வடிவத்திலும் விற்றது. அதே கார் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இரண்டு கதவோடு வந்தது. சில வருஷத்தில் நாலு கதவு வைத்துக்கொண்டது. பாட்டியை முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்ற முடியாது என்பது எந்த மார்க்கெட்டிங் மேலாளருக்கும் புரியக்கூடிய விஷயம். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. 2020-இலிருந்து பூட்டும் 2 சீரிஸ் ‘கிரான் கூப்பே’வுக்கும் நாலு கதவு. திருவள்ளூர் ஆலையிலிருந்து 2024-இல் வந்த சித்ரோவன் பசால்ட், கூப்பே கூரை போட்ட எஸ்.யூ.வி.; அதற்கும் நாலு கதவு. கூரையை வெட்டலாம், கதவை வெட்டக் கூடாது என்பது நம் ஒப்பந்தம்.

அந்தத் திருவள்ளூர் ஆலைக்கு இந்தக் கதையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரப்பர்.

ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறு இழைகளின் சிக்கல். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது இழைக்கும் இழைக்கும் நடுவே பாலம் விழுந்தது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும் குணம் அதனால்தான் நிலைத்தது. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் இந்த அமைப்பை நாளாக நாளாகக் குலைக்கிறது: சில இடத்தில் இழை அறுகிறது, சில இடத்தில் தேவைக்கு மேல் பாலம் விழுந்து ரப்பர் இறுகிப்போகிறது. நகம் அழுத்திய பள்ளம் எழும்பாமல் போனது இதனால்தான்.

வேகம் எவ்வளவு? வேதிவினைக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை சுவீடனின் அர்ரேனியஸ் 1889-இல் சமன்பாடாக்கினார். அதிலிருந்து பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி கூடினால் வினை ஏறத்தாழ இரண்டு மடங்கு. முனிச் நகரின் ஆண்டுச் சராசரி வெப்பம் 10 டிகிரியை ஒட்டியது. சென்னையுடையது 29-ஐ ஒட்டியது. கிட்டத்தட்ட 20 டிகிரி வித்தியாசம், அதாவது நாலு மடங்கு. இன்ஜின் ஓடும்போது அங்கேயும் இங்கேயும் உள்ளே ஒரே சூடுதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் சொந்தக் கார் தன் ஆயுளில் பெரும் பகுதியை நின்றபடியேதான் கழிக்கிறது. நிற்கிற நேரத்தில் அதற்கு ஊர் வெயில்தான் கதி. மே மாதம் வெட்ட வெளியில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். சரிந்த பின் கண்ணாடி நிமிர்ந்த கண்ணாடியைவிட உச்சி வெயிலை அதிகம் உள்ளே விடும் என்பதால் கூப்பேவின் பின் சீட்டுப் பகுதி இன்னும் பாவம்.

இதுவரை சொன்னது எல்லாக் காருக்கும் பொருந்தும். ஓடாத கார் ஏன் கூடுதலாகக் கெடுகிறது? இதற்குப் பதில் டயரில் இருக்கிறது. காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை, அதுவும் இழுபட்டு நிற்கும் ரப்பரை, வெட்டிவிடும். அதைத் தடுக்க டயர்க் கலவையில் 6பிபிடி என்ற வேதிப்பொருளையும் மெழுகையும் சேர்க்கிறார்கள். இவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு கவசம் போலப் படிகின்றன. பழைய டயரின் பக்கவாட்டில் தெரியும் பழுப்பு நிறம் இதுதான். அழுக்கென்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். டயர் உருண்டு, வளைந்து, நிமிரும்போதுதான் உள்ளிருக்கும் காப்புப் பொருள் நன்றாக மேலே வரும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு இந்த எண்ணெய்க் குளியல் கிடைப்பதில்லை. ஆயில் சீலும் அப்படித்தான். சுழலும் தண்டு எண்ணெயை வாரி அதன் உதட்டில் பூசிக்கொண்டிருக்கும் வரை மென்மையாக இருக்கும். நின்றால் உதடு காயும், பிறகு கசியும்.

குறைந்த தூரம் ஓடினாலும் இதே கதைதான், வேறு வழியில். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியாவிட்டால் பள்ளி வேதியியலை நினைவுகூருங்கள்: பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? அந்த நீராவியின் பெரும் பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் அப்படியே ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஸ்டேஷனுக்குப் போய் மனைவியை அழைத்து வருகிற ஐந்து நிமிட ஓட்டத்தில் அது நடக்காது. தண்ணீர் ஆயிலிலேயே தங்கி அமிலத்தோடு கலக்கும்; சைலன்சரில் தங்கிய தண்ணீர் அதை உள்ளிருந்து அரிக்கும்.

அடுத்தது பேட்டரி. சொகுசு கார் தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். சாவியின் சமிக்ஞைக்குக் காத்திருக்க, திருட்டு அலாரத்துக்கு, கடிகாரத்துக்கு என்று கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி போயிற்று. மின்னழுத்தம் இறங்கினால் காருக்குள் இருக்கும் பல கணினிப் பெட்டிகள் ஒன்றையொன்று சந்தேகப்பட ஆரம்பிக்கும். ஏர்பேக் பழுது, பிரேக் பழுது, கியர்பாக்ஸ் பழுது என்று வரிசையாக விளக்கு எரியும். உரிமையாளர் லட்சக்கணக்கில் செலவு என்று பயந்துபோவார். பல நேரம் பேட்டரியை மாற்றினால் போதும்.

கூப்பேவில் இது ரப்பரையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் வேடிக்கை. இந்தக் கார்களின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. பார்க்க அழகு. கைப்பிடியைத் தொட்டதும் ஒரு மோட்டார் கண்ணாடியைச் சற்றே கீழே இறக்கும். கதவை மூடியதும் ஏற்றி பீடிங்குக்குள் செருகும். பேட்டரி செத்துக் கிடக்கும்போது கண்ணாடி இறங்காது. அவசரக்காரர் கதவைப் பிடுங்கித் திறப்பார். இறுகிப்போன பீடிங் கிழியும். அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் போகும். சில கார்களில் மின்னணுப் பெட்டி இருப்பதே அந்த விரிப்புக்கு அடியில்தான். பேட்டரி, கண்ணாடி, ரப்பர், மழை, கணினி: இந்தச் சங்கிலியைத் தனித்தனிப் பழுதாகப் பார்த்தால் புரியாது.

நண்பர் தன் தொழிற்சாலைக் கணக்கு ஒன்றைச் சொன்னார். ஒரு இயந்திரத்தில் ஆயிரம் பாகம், ஒவ்வொன்றும் இந்த வருஷம் கெடாமல் இருக்க 99.9 சதவீத வாய்ப்பு, எந்த ஒன்று கெட்டாலும் இயந்திரம் நிற்கும் என்றால், மொத்த இயந்திரமும் வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்க என்ன வாய்ப்பு? 37 சதவீதம்தான். பாகம் ஒவ்வொன்றும் அருமையானது, கூட்டினால் பலவீனம். சீட்டைச் சூடாக்க ஒரு மின்கம்பிச் சுருள், டிக்கியை மெல்லச் சாத்த ஒரு மோட்டார் என்று அடுக்கிக்கொண்டே போகும் காரின் நிலை இது. நம்மூரில் சீட்டைச் சூடாக்கும் வசதி எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது திருவள்ளூர் ஆலை. 1998-இல் கடம்பத்தூர்ப் பக்கம் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து லான்சர் காரைப் பூட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு அது நடுத்தர வர்க்கத்தின் சொர்க்கம். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கணினி குறைவு, தாழ்ந்த அழகான உடல். பிறகு பஜேரோ வந்தது, சீடியா வந்தது. காலம் மாறியது. ஆலை கைமாறியது, இசுசு வண்டிகளும் அங்கே கட்டப்பட்டன, இன்று சித்ரோவன் கட்டப்படுகிறது. மிட்சுபிஷி கார் ஒன்றுகூட இப்போது இந்தியாவில் புதிதாக விற்பனைக்கு இல்லை. பழைய லான்சர்களோ இன்னும் கண்ணில் படுகின்றன. வைத்திருப்பவர்களிடம் பேசினால் இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். ஹெட்லைட் கண்ணாடி, கதவு பீடிங், டேஷ்போர்டு பிளாஸ்டிக் என்றுதான் புலம்புவார்கள்.

வடிவத்துக்கு மயங்கிக் கார் வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இது. கூப்பேவின் இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் நாலு கதவு செடானில் இருப்பவைதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடுவதால் பாகம் கிடைக்கும், விலை குறைந்த மாற்றுப் பாகமும் கிடைக்கும். எதனால் அது கூப்பேவோ அதற்குத்தான் பஞ்சம்: நீளக் கதவு, சட்டமில்லாத கண்ணாடி, அதைத் தழுவும் பீடிங், சரிந்த பின் கண்ணாடி. அவை அந்த மாடலுக்கு மட்டும் செய்யப்பட்டவை, குறைவாகச் செய்யப்பட்டவை. அழகு இருக்கிற பாகத்தில்தான் காத்திருப்பும் செலவும்.

இன்ஜினுக்குள்ளும் ரப்பர் இருக்கிறது என்பதை ஐரோப்பா அண்மையில் வலியோடு கற்றுக்கொண்டது. ஃபோர்டின் 1.0 லிட்டர், பூஜோ-சித்ரோவனின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின்கள் சிலவற்றில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும்படி வைத்தார்கள். உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது திட்டம். ஆயிலில் பெட்ரோல் கலந்து பழசாகும்போது பெல்ட் ஊறி உதிர்ந்தது. துகள் ஆயில் பம்பின் வலையை அடைத்தது. குறித்த நேரத்துக்கு முன்பே ஆயிலை மாற்றியவர்கள் பலர் தப்பித்தார்கள்.

மெக்கானிக்கின் மீதிப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே வெள்ளைப் படிவு பார்த்தார். வேப்பம்பட்டு போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் உப்புப் படிந்திருக்கும். அந்த மூடி வெறும் மூடியில்லை. குக்கர் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது: கூடுதலாக ஒரு பார் அழுத்தம் தாங்கினால் தண்ணீர் 100-க்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் அழுத்தம் போயிற்று, இன்ஜின் சூடேறியது. பிறகு காருக்கு அடியில் படுத்து லோயர் ஆர்ம் புஷ்களில் வெடிப்புத் தேடினார். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்த்தார். சுற்றிலும் காலி மனையும் வயலும் உள்ள ஊரில் எலியைவிடப் பெரிய மின்னணு எதிரி கிடையாது. பானெட்டுக்குள் புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிடும் வழக்கம் இங்கே உண்டு. கடைசியாக டயரில் இருந்த நாலு இலக்க எண்ணைப் படித்தார். 2313. 2013-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். தடம் புதுசு போல ஆழமாக இருந்தது. “இந்த டயர்ல பைபாஸ் ஏறாதீங்க” என்றார்.

பீடிங், டயர் நாலு, புஷ் செட், ஹோஸ்கள், பேட்டரி, எல்லா ஆயிலும். மெக்கானிக் தாளில் எழுதிய தொகை பெரிதுதான். நண்பர் அதை விலையில் கழிக்கச் சொன்னார், விற்பவர் பாதி கழித்தார், கார் வந்து சேர்ந்தது. பீடிங் மட்டும் வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆயிற்று. அதுவரை மழை வந்தால் தார்ப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தக் கார் கிளம்பும் சத்தம் இப்போது எங்கள் தெரு வரை கேட்கும். திருவள்ளூர் தாண்டிப் பூண்டி ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வருவார், நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஏரி பார்க்கவா என்று ஒருநாள் கேட்டேன். “ஆயில் தண்ணியை விடணும்ல” என்றார்.