ஒரே மெட்டு, வேறு மூச்சு

1927 அக்டோபர் 26-ஆம் தேதி ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழு, விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டஸி’யை வாசித்தது. எட்டு நாள் கழித்து, நவம்பர் 3-ஆம் தேதி, அதையே ஓகே கம்பெனிக்காகவும் வாசித்தது. ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன். ஒலிப்பதிவுக் கூடத்திலேயே காலம் தள்ளியவன் நான். விளக்கிப் பேசுவதைவிடப் போட்டுக் காட்டுவதுதான் எனக்கு வரும்.

எலிங்டன் வாஷிங்டன்காரர். 1923-ல் நியூயார்க்குக்கு வந்து, டைம்ஸ் சதுக்கத்தின் பக்கத்தில் இருந்த கென்டக்கி கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் அது நடனத்துக்கான இதமான இசைதான். டிரம்பெட் கலைஞர் பப்பர் மைலி வந்த பிறகு குழுவின் குரலே மாறிப்போனது. மைலி டிரம்பெட்டின் வாய்க்குள் ஓர் அடைப்பானைச் செருகிக்கொள்வார். கழிவறை அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை இடது கையில் பிடித்து, அந்த வாயை மூடி மூடித் திறப்பார். ஊதும்போதே தொண்டையிலிருந்து உறுமுவார். மூன்றும் சேர்ந்தால் பித்தளை பேசுவது போலவே இருக்கும். இதே வித்தையை டிரோம்போனில் செய்தவர் ‘டிரிக்கி சாம்’ நான்டன்.

விக்டர் பதிவில் முதலில் இந்த இருவரும் சேர்ந்து ஒரு சோகமான மெட்டைத் தாழ்ந்த குரலில் வாசிக்கிறார்கள். ‘தி ஹோலி சிட்டி’ என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டுதான் அது. சோகச் சாயலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அடுத்து ஓட்டோ ஹார்ட்விக்கின் சாக்ஸபோன் இனிக்க இனிக்க வருகிறது. அது முடிந்ததும் மைலி ஒரே ஒரு மேல் ஸ்வரத்தைப் பிடித்து, ஏறக்குறைய நான்கு தாளக்கட்டுகளுக்கு விடாமல் நிற்கிறார். பிறகுதான் உறுமிக்கொண்டே கீழே இறங்குகிறார். கடைசியில் ஷோபனின் சவ ஊர்வல இசையில் ஒரு துண்டு வந்து முடித்து வைக்கிறது.

ஓகே பதிவு நடந்த அன்று மைலி இல்லை. அவர் இடத்தில் வாசித்தவர் ஜப்போ ஸ்மித். பதினெட்டு வயது இளைஞர். அதே வரிசை, அதே முடிவு. ஜப்போ லேசுப்பட்டவர் அல்ல. பின்னாளில் டிரம்பெட் மேதை ஆம்ஸ்ட்ராங்குக்குப் போட்டியாகப் பேசப்பட்டவர். அவருடைய விரல்களில் வேகம் உண்டு, ஒலியில் பளபளப்பு உண்டு. ஆனால் மைலியின் பதிவில் இருந்த அந்தக் கரகரத்த வேதனை அதில் இல்லை.

எலிங்டனின் புதுமை இங்கேதான் இருக்கிறது. அவர் டிரம்பெட்டுக்கு எழுதவில்லை, மைலிக்கு எழுதினார். குழுவினருக்குக் கொடுத்த தாள்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரையே எழுதும் வழக்கம் அவருக்கு உண்டு. சுரப்படுத்திய கீர்த்தனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வித்வானின் பாணியைக் கண்டுபிடிக்க முடியாதல்லவா? எலிங்டனின் இசையும் அப்படித்தான். அது முழுசாக இருப்பது இசைத்தட்டில்தான்.

அந்தத் தட்டுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். வாசித்ததை மெழுகில் செதுக்கினார்கள். தப்பு நேர்ந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. புது மெழுகில் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மைக் வைத்துப் பதிவு செய்வது 1925-ல்தான் தொடங்கியிருந்தது. எலிங்டன் அந்த மைக்கையும் குழுவில் ஒரு வாத்தியமாகவே நடத்தினார். 1930 அக்டோபரில் பதிவான ‘மூட் இண்டிகோ’வில் வழக்கமாக மேலே ஒலிக்கும் கிளாரினெட்டைக் கீழே இறக்கினார், டிரோம்போனை அடைப்பானோடு மேலே ஏற்றி டிரம்பெட்டின் பக்கத்தில் நிறுத்தினார். மூன்று ஒலிகளும் மைக்கில் கலந்தபோது, அங்கே இல்லாத நான்காவது வாத்தியம் ஒன்று ஒலிப்பது போன்ற பிரமை உண்டானது. மூன்று நிமிடமும் போதாமல் போனபோது, 1931-ல் ‘கிரியோல் ராப்சடி’யைத் தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் நீட்டினார்.

இவற்றைத் தேடுபவர்களுக்கு ஒரு யோசனை. எலிங்டன் பெயரை மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. மேலாளர் இர்விங் மில்ஸ் குழுவைப் பல கம்பெனிகளுக்கு வாசிக்க வைத்தார். கம்பெனிக்கு ஒரு பெயர். ‘தி ஜங்கிள் பேண்ட்’, ‘தி ஹார்லெம் ஃபுட்வார்மர்ஸ்’, ‘தி ஊப்பி மேக்கர்ஸ்’ எல்லாம் இவர்கள்தான். அந்த ‘ஜங்கிள்’ என்ற முத்திரை, 1927 டிசம்பர் முதல் இவர்கள் வாசித்த ஹார்லெமின் காட்டன் கிளப்போடு சேர்ந்து வந்தது. அங்கே மேடையில் கறுப்பர்கள், நாற்காலிகள் வெள்ளையர்களுக்கு. கிளப்புக்குள் நுழைய முடியாதவர்களிடம் இந்த இசையைக் கொண்டுபோனவை வானொலியும் தட்டுகளும்தான்.

மைலி 1929-ல் குழுவை விட்டு விலகினார். 1932-ல், இருபத்தொன்பது வயதில், காசநோயால் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸ் அந்த உறுமலைக் கற்றுக்கொண்டார். அவருடைய சொந்தக் குரலுக்காக எலிங்டன் 1940-ல் தனியே ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். ‘பிளாக் அண்ட் டான் ஃபேன்டஸி’யின் இசையமைப்பாளர்களாக எலிங்டன், மைலி என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன. நவம்பர் 3-ஆம் தேதிப் பதிவைக் கேட்டவர் யாரும் இரண்டாவது பெயரைக் கூடுதல் என்று சொல்ல மாட்டார்.