ரேகைச் சட்டமும் ஒற்றை எக்ஸும்

அடிதடி வழக்கில் உள்ளே போன பையனைப் பற்றி செவ்வாப்பேட்டை டீக்கடையில் பேச்சு வந்தால், "அப்பன் ரத்தம், வேற எப்படி இருப்பான்?" என்று யாராவது ஒருவர் முடித்துவைப்பார். 1871இல் வெள்ளையர் அரசு இதையே சட்டமாக எழுதியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஏட்டில் குற்றப் பரம்பரைச் சட்டம். மதுரைப் பக்கத்து ஊர்களில் ரேகைச் சட்டம். பிரமலைக் கள்ளர், குறவர் என்று சாதி சாதியாகப் பட்டியல் போட்டார்கள். திருடினானா இல்லையா என்ற விசாரணையே கிடையாது. வயது வந்த ஆண் கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947இல்தான் சென்னை மாகாணம் சட்டத்தைக் கைவிட்டது.

ரத்தத்தில் இருப்பதாக அன்று சொன்னதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1993இல் மரபியலாளர் ஹான்ஸ் புருன்னர் குழுவினர் ஒரு டச்சுக் குடும்பத்தில் பார்த்தார்கள். அந்த வீட்டு ஆண்கள் சிலர் சட்டென்று கை நீட்டுவார்கள், தீ வைப்பார்கள். அவர்களிடம் எம்.ஏ.ஓ.ஏ. மரபணு பழுதாகியிருந்தது, செரோடோனின் போன்ற மூளை ரசாயனங்களைச் சிதைக்கும் நொதி உருவாகவே இல்லை. அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்று கெட்டால் இன்னொன்று தாங்கும். ஆணுக்கு ஒன்றுதான்.

அப்படி முற்றிலும் பழுதாவது மிக அரிது. செயல்திறன் குறைந்த வகையோ ஐரோப்பிய ஆண்களில் மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது. நியூசிலாந்தின் டனிடின் நகரப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்தவர்கள் 2002இல் சொன்னது இன்னும் முக்கியம்: அந்த வகை மரபணுவோடு சிறுவயதில் கொடுமைப்பட்டும் வளர்ந்த ஆண்கள் 12 சதவீதம்தான், வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் பெயரில். அடி வாங்காமல் வளர்ந்தவனிடம் மரபணு பெரிதாக எதையும் செய்யவில்லை. பிறகு வந்த ஆய்வுகளில் சில இதை ஆமோதிக்கவும் இல்லை.

ஆனாலும் நீதிமன்றத்துக்கு அவசரம். கத்திக்குத்துக் கொலை வழக்கு ஒன்றில், 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றவாளியின் மரபணுவையும் கணக்கில் எடுத்து ஓராண்டைக் குறைத்தது. இங்கே பரம்பரை என்று சொல்லி அடைத்தார்கள். அங்கே அதையே சொல்லித் தண்டனையைத் தளர்த்தினார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. மூன்றில் ஒருவன் சுமக்கும் மரபணுவை வைத்து, கத்தி எடுக்கப்போவது இவன்தான் என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.