ஐந்து உலோகம், சம பங்கு

பெரம்பலூர் கடைவீதியில் 22 காரட் சங்கிலி வாங்குகிறவர்கள் 916 முத்திரையைத் தேடுவார்கள். ஆயிரம் பங்கில் 916 தங்கம்; மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். சேர்மானம் இல்லாத சொக்கத் தங்கம் மிக மென்மையானது. அதில் செய்த கொக்கி சீக்கிரம் வளைந்துவிடும்.

தங்கத்தின் அணுக்கள் ஒரே அளவில் அடுக்கடுக்காக அமைந்தவை. இழுக்கும்போது அடுக்கு முழுவதும் ஒருசேர நகர்வதில்லை. அடுக்கிலுள்ள கோடு போன்ற ஒரு பிசகு ஊர்ந்து செல்கிறது, உலோகம் நெளிகிறது. சிறிய செம்பு அணு நடுவில் புகுந்தால் சுற்றியுள்ள அடுக்கு திரிகிறது, பிசகின் ஓட்டம் தடைபடுகிறது. பத்தர் செம்பு சேர்ப்பதால் கிடைக்கும் உறுதி இதுதான்.

கலவையில் எந்த உலோகமும் பெரும்பான்மையாக இல்லாவிட்டால்? தைவானில் யே என்ற ஆய்வாளரின் குழுவும் இங்கிலாந்தில் கேன்டர் என்ற ஆய்வாளரின் குழுவும் 2004இல் தனித்தனியே இதற்கு விடை வெளியிட்டன. ஐந்தோ அதற்கு மேலோ உலோகங்களை ஏறத்தாழ சமமாகச் சேர்த்துச் செய்யும் இந்தக் கலவைகளுக்கு உயர் என்ட்ரோபி உலோகக் கலவை என்று பெயர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 2003லேயே ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இத்தகைய பல உலோகக் கலவைகளைப் பற்றி எழுதிவிட்டார்.

பஞ்சலோகமும் ஐந்து உலோகம்தானே என்று தோன்றலாம். அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தின் சுப்பிரமணியர், போகசக்தி போன்ற சோழர் காலத் திருமேனிகளில் செம்பே பெரும்பங்கு. சம பங்கு அங்கே இல்லை.

தங்கம், செம்பு, நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் ஐந்தையும் அணுக் கணக்கில் சமமாகக் கலந்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2017இல் ஆராய்ந்தார்கள். தங்கமும் நிக்கலும் மட்டும் சேர்ந்தால் சூடு தணியத் தணியப் பிரிந்துபோகும் இயல்புடையவை. ஐந்தும் சேர்ந்தபோதோ ஒரே கட்டமைப்பாக, தங்கத்தைப் போன்ற படிக அடுக்காக நின்றன. அந்த அடுக்கு வளையும் தன்மையைக் காக்கிறது. அணுக்களின் அளவு வேறுபாடு வலிமையைத் தருகிறது. தங்க அணுவின் ஆரம் சுமார் 144 பிக்கோமீட்டர், நிக்கலுடையது 125. பிசகுக்கு எந்தப் பக்கமும் சமதளம் கிடையாது. புது ஜல்லி கொட்டிய சாலையில் சைக்கிள் ஓட்டும் பாடுதான்.

எத்தனை உலோகம் என்பதைவிட எந்த உலோகம் என்பதே முக்கியம். குரோமியம், கோபால்ட், நிக்கல் மூன்றே சேர்ந்த கலவை, அவற்றோடு இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த ஐந்து உலோகக் கலவையைவிட வலிமையானது.

எடையில் பார்த்தால் அந்த ஜெர்மானியக் கலவையில் தங்கம் 32 விழுக்காடு, 8 காரட்டுக்கும் குறைவு. ஆனாலும் விலை மலிவாகாது: பிளாட்டினம், பல்லேடியத்தையும் கூட்டினால் எடையில் ஐந்தில் நான்கு பங்கு விலையுயர்ந்த உலோகமே.