அடித்த கையை எப்படிக் கணக்கெடுப்பது?
"கணவர் கொடுமைப்படுத்துகிறாரா?" என்று கேட்டால் பல பெண்கள் "இல்லை" என்றே சொல்வார்கள். அறைவதைக் கொடுமையாக எண்ணாத அளவுக்குப் பழகிப்போயிருக்கிறார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் செயலைச் சொல்லிக் கேட்கிறார்கள்: அறைந்தாரா, தள்ளினாரா, உதைத்தாரா? அதுவும் தனிமையில், ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம். யாராவது உள்ளே வந்தால் பேச்சு உடனே மாறிவிட வேண்டும். அந்தப் பெண்ணின் பாதுகாப்பைவிட எந்தத் தகவலும் பெரிதல்ல.

வன்முறையின் பாதிப்பை அளக்க, வாழ்க்கைத் தரம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் உதவுகின்றன. அவற்றை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், மனநிலை, உறவுகள், பாதுகாப்பு உணர்வு எப்படி இருந்தன என்று கேட்பார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களின் மதிப்பெண்களை மற்றப் பெண்களுடையதோடு ஒப்பிடும்போது வறுமை, வயது ஆகியவற்றின் பங்கையும் கணக்கில் எடுப்பார்கள். மனச்சோர்வு வன்முறையால் வந்ததா, முன்பே இருந்ததா? அதை அறிய அதே பெண்களைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும்.